மணி கட்டிய கல் ஆடு

கல்லால் ஆன கிடா ஒன்று நாற்பது செம்மறிகளை வெள்ளத்திலிருந்து கரைசேர்த்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மூன்றாவது கண் இருந்திருந்தால் அதுவும் பார்த்திருக்கும்!

அமெரிக்காவில் எங்கள் நவாஹோ நாட்டில் செம்மறி மந்தையை வெள்ளாடுதான் நடத்தும். என் அக்காவின் மந்தைக்குத் தலைவன், கொம்பு வளைந்த ஒரு வெள்ளாட்டுக் கிடா. அது கால் சுளுக்கிப் பட்டியில் படுத்திருந்தது. அதைப் பார்த்தே அக்கா வெள்ளைக் கல்லில், அதே உயரத்தில், அச்சு அசலாக ஒரு கிடாவைச் செதுக்கியிருந்தாள். சிற்பங்கள் சேகரிக்கும் ஓர் அம்மாள் அதற்காகவே கண்காட்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

நாலு பேர் சேர்ந்து கல் கிடாவை என் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கட்டினோம். என் பக்கத்தில் மச்சான் விர்ஜில், என் மனைவியின் அண்ணன். பின்னால், சிற்பத்துக்குக் காவலாக, அக்கா மகள் யானாபா. வயது பத்து. கண்காட்சியில் காட்டுவதற்காக, நிஜக் கிடாவின் மணியையும் கழற்றி எடுத்து வந்தாள்.

காய்ந்த ஆற்றைக் கடக்கும்போது சட்டென்று வண்டியை நிறுத்தினேன். மலைமேல் கறுத்த மழை. ஆற்று மணலின் நடுவே எங்கள் மந்தை! காவல் நாய் இடிக்குப் பயந்து ஓடிவிட்டிருந்தது. தூரத்தில் வெள்ளம் உறுமியது, ஆயிரம் லாரி வருவதுபோல.

யானாபா குதித்தோடி மணியை ஆட்டினாள். ஆடுகள் நிமிர்ந்தன. கிடாவைத் தேடின. காணோம். நகரவே இல்லை.

"ஏறு புள்ளே! நாம பொழச்சா போதும்!" விர்ஜில் கத்தினான்.

"ஒரு நிமிஷம்!" அவள் வண்டியில் தாவி ஏறினாள். கல் கிடாமேல் போர்த்தியிருந்த போர்வையை உருவினாள். அதன் கழுத்தில் மணியைக் கட்டினாள். "மாமா, மெதுவா ஓட்டுங்க!"

"கல்லு பின்னாடி எந்த ஆடு வரும்? மாமனுக்கு ஏத்த மருமக!" என்றான் விர்ஜில்.

வண்டி குலுங்கியது. மணி கணகணவென்றது. கிழட்டு ஆடு ஒன்று ஓரடி வைத்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மொத்த மந்தையும்!

"வேகமா போய்யா!"

"வேகமா போனா நின்னுடும்! மெதுவா, மாமா!"

வண்டி நத்தையாக ஊர்ந்தது. என் நெஞ்சு குதிரையாக ஓடியது. கரையேறினோம். கடைசிக் குட்டியின் வாலை நனைத்துவிட்டுப் பழுப்பு வெள்ளம் பாய்ந்து போனது. மூன்று மாடி உயரம்! இடுப்பளவு என்பான் விர்ஜில்.

கண்காட்சியில் அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். மணி இடித்து இடித்துக் கிடாவின் தாடி உடைந்திருந்தது.

"உடைஞ்சதை நான் வாங்குறதில்லையே. எப்படி ஆச்சு?"

"என்னாலதான்..." யானாபா உடைந்த தாடியைத் தடவினாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாள் சிரித்துவிட்டு விர்ஜில் பக்கம் திரும்பினார். "இவர் சொல்றது நிஜமா?"

முப்பது வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவன் ஒப்புக்கொண்டதில்லை. யானாபாவைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"நாப்பது ஆடு இல்லைங்க, முப்பத்தெட்டு. மத்தபடி எல்லாம் நடந்துச்சு. நானே பார்த்தேன்."