வெண்கலப் பாதம்

மாடிப்படியில் ஏறிவந்த காலடிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்று, கனத்த வெண்கலப் பானையைத் தரையில் இறக்கிவைப்பது போல ஒலித்தது. மற்றது, காய்ந்த கொட்டாங்கச்சி கல்லில் தட்டுப்படுவது போல. ஆவடிக் குடியிருப்பில் அது உச்சிவேளை. தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்துவந்த அலெக்ஸ், திரைச்சீலைக்கு அப்பால் உள்ளறையில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். அவன் உறக்கம் கலையலாகாதென்று குக்கரைக்கூட விசிலடிக்கவிடாத அவன் மனைவி ஷாரன், கையிலிருந்த கரண்டியை ஓசையின்றிக் கீழே வைத்தாள்.

கதைகளை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்புவது அவள் தொழில். அன்று காலை வாசித்தது பழைய கிரேக்க நாட்டுக் கதை. எம்பூசா என்னும் பெண்பேய் நண்பகலில், தெரிந்தவரின் உருவெடுத்து வரும். ஒரு கால் வெண்கலம், மறுகால் கழுதையினது. உறங்கும் இளைஞரின் இரத்தமே அதற்கு உணவு. வாய்கூசாமல் வைதால் மட்டும் அலறிக்கொண்டு ஓடிவிடும். வாசிக்கையில் ஷாரன் சிரித்திருந்தாள்.

குழம்பின் மணத்தை மீறிக்கொண்டு, களிம்பேறிய பாத்திரத்தின் நெடியும் நனைந்த விலங்கின் வீச்சமும் கதவிடுக்கின் வழியே நுழைந்தன. திறந்தாள். கீழ்வீட்டுப் புஷ்பா.

"அண்ணன் தூங்கிகினு கீறாராக்கா?"

காலையில்தான் வீட்டுச் சாவியை ஷாரனிடம் கொடுத்துவிட்டுப் பூந்தமல்லிக்குத் தாய்வீடு போயிருந்தாள் புஷ்பா. சாவி இன்னும் ஆணியில் தொங்கியது.

ஷாரனின் பார்வை மெல்லக் கீழிறங்கியது. புடவைக் கரை. அதன்கீழே பச்சைபூத்த உலோகம். அருகே குளம்பு.

காலையில் வாசித்த கதை நினைவில் வந்தது. அவளோ குமணன்சாவடித் தண்ணீர்க் குழாயடிச் சண்டைகளில் வளர்ந்தவள்.

"ஒரு காலு பேரீச்சம்பழத்துக்குப் போடுற ஓட்டப் பாத்திரம், இன்னொண்ணு குப்பமேட்டுக் கழுத. இத்த வச்சிகினு என் ஊட்டுக்காரன் கேக்குதாடி உனக்கு?"

தொடர்ந்து அவள் சொன்னவற்றை அச்சிலேற்றுவது முறையாகாது. வந்தவளின் முகம் மெழுகாய் இளகியது. அது கிறீச்சென்று அலறியது. வெண்கலம் படிகளில் உருண்டோடியது.

கதவைச் சாத்தப் போனவளுக்குக் கீழ்ப்படியிலிருந்து புஷ்பாவின் குரல் பணிவாகக் கேட்டது.

"நான் வரேங்க்கா."

எவரையும் வாசலில் நின்று வெறுமனே 'போ' என்று சொல்லி அறியாத நாக்கு. நினைப்பதற்கு முன்பே அது பதில் சொல்லிவிட்டது.

"சரிம்மா, போய்ட்டு வா."

சொன்ன பிறகே உறைத்தது. தன் வாயாலேயே அதை மறுபடி அழைத்துவிட்டாள்.

படிகளில் ஓசையில்லை.

உள்ளறையில் கேட்டது.

வெண்கலம். குளம்பு. வெண்கலம்.

திரைச்சீலையைப் பற்றி இழுத்தாள். கம்பியோடு பெயர்ந்து வந்தது. கட்டிலருகே அது குனிந்திருந்தது. அதன் கூந்தல் அலெக்ஸின் கழுத்தை மூடியிருந்தது.  ஷாரன் உள்ளே போனாள்.

"வான்னு சொன்ன அதே வாய்தான் சொல்லுது. போ."

மறுபடி வைதும், அழைப்பின்பேரில் வந்த அது தலைநிமிரவில்லை. அலெக்ஸ் உறக்கத்திலேயே புன்னகைத்தான். சற்றே நகர்ந்து, பக்கத்தில் அதற்கு இடம் விட்டான்.

ஷாரன் அந்தக் கூந்தலை முழங்கைவரை சுற்றிப் பிடித்து இழுத்தாள். அது அவனை விடவில்லை. அவள் பிடிக்குள் ஒவ்வொரு மயிரிழையும் வெதுவெதுப்பாக, ஈரமாக, அலெக்ஸின் நாடியோடு சேர்ந்து துடித்தது.