பாலாஜி சாரின் கடைசி இரண்டு பிள்ளைகள்

"இன்னும் பத்து வருஷத்துல நம்ம பள்ளிக்கூடம் எப்படி இருக்கும்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க பார்ப்போம்..."

கிருஷ்ணகிரியில் ஆசிரியர் பயிற்சி; கேட்டது பயிற்சி நடத்துகிற மேடம். ஆளாளுக்கு ஆரூடம் சொன்னார்கள். புத்தகமே இருக்காது என்றார் ஒருவர். வாத்தியாரே வேண்டாம், கம்ப்யூட்டர் நடத்திவிடும் என்றார் இன்னொருவர். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது.

"எங்க பள்ளிக்கூடம் இருக்காதுங்க மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோதிமணிக்கு மட்டும் சுள்ளென்று கோபம் ஏறியது. கல்லுடைக்கிற ராமப்பனின் மகள் அவள். கவர்மென்ட் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் இந்நேரம் அவளும் ஜல்லிதான் சுமந்துகொண்டிருப்பாள். எழுந்துவிட்டாள்.

"உங்கள மாதிரி வாத்தியாருங்க இருந்தா எப்படிங்க சார் இருக்கும்? வீடு வீடா போய் பிள்ளைங்கள கூட்டிட்டு வரத் துப்பில்ல, ஜோசியம் சொல்ல வந்துட்டீங்க!"

அவன் நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான். கொட்டிவிடலாமா வேண்டாமா என்று நிற்கிற ஐப்பசி வானம் போல இரண்டு கண்கள்...

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிஜமாகவே கொட்டியது. ஒதுங்கிய இடத்தில் அதே கண்கள்.

"கோவப்படறதுக்குத் தனியா அலவன்ஸ் ஏதும் தர்றாங்களாங்க டீச்சர்?"

"தந்தா உங்க ஸ்கூல நானே வெலைக்கு வாங்கியிருப்பேன்."

சிரித்துவிட்டான். பெயர் பாலாஜி. எல்லையோரத் தெலுங்கு வழிப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். அவள் பள்ளியும் வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம்தான். அப்புறம் தினமும் ஒரே பஸ். முன்சீட்டில் அவள், பின்னால் கம்பியைப் பிடித்தபடி அவன்... டிரைவர் கண்ணாடியில் கண்கள் மட்டும் சந்தித்துக்கொள்ளும்.

"உங்க ஸ்கூல்ல எத்தன பேருங்க சார்?"

"கேக்காதீங்க டீச்சர். அழுதுருவீங்க."

விளையாட்டு என்று நினைத்தாள்.

ஏப்ரலில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை பிடிக்கிற வேலை. ஜோதிமணி தெலுங்கிலேயே பேசிக் கிராமம் கிராமமாக அலைந்தாள். ஓசூர் கம்பெனி வண்டிக்குக் காத்திருந்த ராஜலட்சுமி என்கிற அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இங்கிலீஷ் மீடியம் இருக்குதா டீச்சர்? தெலுங்குல படிச்சா கம்பெனில எவன் சேத்துக்கறான்?"

இருக்கிறது என்றாள் ஜோதிமணி. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள்! இப்போது எங்கே படிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆள் பிடிக்கிற அவசரத்தில் யார் அதைக் கேட்கிறார்கள்?

பஸ்ஸில் பாலாஜியிடம் ஊர் பெயரோடு பீற்றிக்கொண்டாள். அவன் முகம் வெளுத்தது. "ரொம்ப நல்லதுங்க" என்றவன் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டான். பொறாமை பிடித்தவன்! அவளும் வீம்பாகப் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஜூன் மாதம் அவள் பள்ளி திறந்த அன்று தூறல். ராஜலட்சுமியின் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றான் பாலாஜி. மாற்றுச் சான்றிதழ்களை நீட்டினான்.

"பெரியவன் கணக்குல கெட்டிங்க. சின்னதுக்குத்தான் பசி தாங்காது. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே அழுவும்..."

அவள் சான்றிதழில் பள்ளியின் பெயரைப் படித்தாள். "இவங்க..."

"என்கிட்ட இருந்த கடைசி ரெண்டு பேருங்க."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில மண்ணா?"

"சொன்னா வேணாம்னு விட்டுருப்பீங்க. அந்தம்மா கேட்டது நியாயந்தானே டீச்சர்?"

"இனி என்ன பண்ணுவீங்க?"

"திங்கக்கெழமைலருந்து ஓசூர்ல பேக்கிங் வேலை. ஷிஃப்ட்டு."

யார் மேல் கோபப்படுவது? ராஜலட்சுமி மேலா? பிள்ளைகள் மேலா? பிறந்ததிலிருந்து கூடவே வந்த கோபம் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளைக் கைவிட்டது. சின்னது அவன் விரலை விடாமல் அழுதது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு அவன் திரும்பி நடந்தான்.

"சார்!"

தூறலில் இறங்கி ஓடினாள்.

"உங்க பள்ளிக்கூடத்த மூடுனது நான்தான். உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. ரெண்டையும் ஒண்ணாத்தான் சொல்ல வேண்டியிருக்கு... என்ன பண்ணட்டும்?"

அவன் கண்ணில் வழிந்தது மழை என்று சொல்ல, பெய்தது அவ்வளவு பெரிய மழையுமில்லை.

"ஞாயித்துக்கெழம லீவுங்க" என்றான், உடைந்த குரலில். "வந்து உங்க அப்பாகிட்ட கேக்கறேன்."