கட்டுக்குள் வைத்த படம்

வாடிக்கையாளர்கள் புரட்டிப் பார்க்கவென்று பிரித்து வைத்திருந்த டாரட் சீட்டுக்கட்டு காலையில் ஒழுங்காகத்தான் இருந்தது. பிரியந்தி சமையல் புத்தகங்களை அடுக்கிவிட்டு வந்தபோது அதில் ஒரு சீட்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளினாள். மத்தியானம் மறுபடியும் நீட்டியது.

அவள் வேலை பார்த்த, கிளென்ஃபீல்ட் பக்கம் இருந்த அந்தப் பெரிய புத்தகக் கடையில் குறி பார்க்கும் சீட்டுகளுக்கென்றே ஒரு சுவர். பூனை டாரட், மூலிகை டாரட், கடற்கன்னி டாரட் என்று கண்ணாடித்தாள் சுற்றிய பெட்டிகள் கல்யாண வீட்டுப் பலகாரத் தட்டு மாதிரி மினுங்கும். கடையில் எத்தனையோ சுவர் இருக்க, மன்னாரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த கத்தோலிக்கப் பெண்ணுக்கு இதுதான் வாய்த்தது.

"சிலுவை போட்டுட்டுத்தான் தூசி தட்டுவீங்களாக்கா?" என்று கூட வேலை பார்க்கும் மஹதி சீண்டினாள்.

"நீ சிரி பிள்ளை. எனக்குப் பயமாத்தான் கிடக்கு."

மறுபடி சீட்டு நீட்டியபோது, கைப்பைக்குள் கைவிட்டு அந்தோனியார் படத்தை உருவிக் கட்டின் நடுவே செருகினாள். கெட்ட கனவு கண்டால் தலையணைக்கு அடியில் வைக்கிற படம், அளவும் சீட்டளவுதான். யாரோ கூப்பிட, பார்க்காமலே மூடிவிட்டுப் போனாள்.

தேநீர் குடிக்கும்போது பையைத் திறந்தால் அந்தோனியார் பையிலேயே இருந்தார். காணாமல் போனது, மகள் ஜெனிஷா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று எடுத்த முதல் நன்மைப் படம். வெள்ளை முக்காட்டில் கைகூப்பி நிற்கும் பிள்ளை, கீழே பெயர், தேதி. சொந்தக்காரருக்குக் கொடுக்க அச்சடித்ததில் மிஞ்சியது, அதுவும் சீட்டளவுதான். பெற்ற பிள்ளையைத் தானே கொண்டுபோய் அந்தச் சீட்டுக் கூட்டத்துக்குள் வைத்துவிட்டாள்.

ஓடினாள். கட்டு முழுவதையும் விரித்துப் பார்த்தாள். படம் இல்லை.

குளிர்காலம், அதற்குள் வெளியே இருட்டிவிட்டது. ஹீட்டர் முனகிக்கொண்டிருக்க, அந்தச் சுவரருகே மட்டும் அணைத்த மெழுகுதிரி வாசம், பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு கோயிலுக்குள் நிற்குமே, அது. நிமிர்ந்தாள். பூனைப் பெட்டியில் பூனை இல்லை. வெள்ளை முக்காடு. கடற்கன்னிப் பெட்டியிலும் வெள்ளை முக்காடு. கண்ணாடித்தாளைக் கிழித்தாள். முதல் சீட்டில் ஜெனிஷா. அடுத்ததில், கூப்பிய கை பிரிந்து. அடுத்ததில், வாய் திறந்து. கத்துகிறாள். சத்தமில்லை.

"மம், கேன் வி கோ ஹோம்?"

பள்ளிவிட்டு வந்து சிறுவர் பகுதியில் காத்திருந்த ஜெனிஷா எதிரே நின்றாள். முழுசாக, யூனிஃபார்மோடு. பிரியந்தி கையிலிருந்த சீட்டுகளைக் கீழே போட்டாள்.

"ஓம் குஞ்சு, வீட்டுக்குப் போவம். ஸ்கூல் பாக்கை எடுங்கோ."

பிள்ளை சிரித்தது. பையை எடுக்கப் பக்கவாட்டில் திரும்பியது.

திரும்பியதும், பிள்ளை நின்ற இடத்தில் யாரும் இல்லை. தரையிலிருந்து பிள்ளையின் உயரத்துக்கு, சீட்டின் ஓரம் அளவே மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு மட்டும்.

கோடு குனிந்து பையை எடுத்தது.