படிக்கட்டுக்குக் கீழே ஒரு மருமகன்

மனித குலத்தின் விடுதலை கட்டற்ற மென்பொருளால்தான் வரும். கோலாலம்பூரில் ஒரு மேடையில், குளிரூட்டியின் கீழ் நின்றும் வியர்வையைத் துடைத்தபடி, றிம்சான் இதை உலகுக்கு அறிவித்திருந்தான். அந்த விடுதலையின் தலைமைச் செயலகம் இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில், மாமியார் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே, வெங்காய மூட்டைக்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவில் இயங்கியது. கீல் உடைந்த ஒரு லப்டொப். உள்ளே லினக்ஸ்.

வீடு அவனுடைய மனைவி சஹ்லாவின் பெயரில் இருந்தது. இந்தக் கரையில் அதுதான் வழமை: பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் ஓர் இடம். அதை விட்டால் றிம்சானுக்கு வேறு கதவில்லை. மருதமுனையில் அவன் பிறந்த வீடு தங்கையின் கைக்குப் போய்விட்டது. இருந்தும் அந்த இடத்தில் அவன் தரித்தது குறைவு. பெங்களூர், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று மாநாடு மாநாடாகப் பறந்து, தனியுரிமை மனிதனின் புனித உரிமை என்று முழங்கிக்கொண்டிருந்தான்.

முழங்கும்போது சஹ்லாவின் செய்திகள் தொல்லை கொடுத்தன. சாப்பிட்டீங்களா. எப்ப வாற. உம்மாக்குப் பிறஷர் கூடிட்டு. ஆகவே, கலியாணமான நாள் முதல் அவள் எழுதியதையெல்லாம் அவளைக் கேளாமலே அள்ளி லப்டொப்புக்குப் புகட்டி, தன்னைப் போலப் பதில் எழுதும் ஒரு சின்ன நிரலைச் செய்து வைத்தான். தன்னைப் போல எழுத வைப்பது கடினமாக இருக்கவில்லை. 'ஓம்', 'பிறகு கதைக்கிறன்', 'இன்ஷா அல்லாஹ்' ஆகிய மூன்றோடு வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது.

"பொஞ்சாதிக்கு மிஷின் வெச்சு மறுமொழி சொல்ற மனுசன் உலகத்துலயே நீ ஒராள்தான்டா," என்றான் கேதீஸ்வரன். காரைதீவுக்காரன், றிம்சானோடு ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வேலை. விமான நிலையத்திலிருந்து இருவரும் ஒரே வேனில் வந்துகொண்டிருந்தார்கள்.

"அது ஒட்டோமேஷன் மச்சான். உனக்குச் சொல்லி வேலையில்ல."

"ஓம், ஓம். நாளைக்கு அது புள்ளயும் பெறும். நீ போய்ப் பேர் வை."

விமானம் ஏறுமுன்பே றிம்சான் நிரலை நிறுத்தியிருந்தான். வீட்டுக்குப் போகிறவன் தானே பதில் எழுதுவதுதான் முறை என்று ஒரு பெருந்தன்மை. அம்பாறை கடந்து சிக்னல் திரும்பியதும் போன் நடுங்கியது.

"மீனுக்குப் புளி எவ்வளவு விட?" என்று சஹ்லா கேட்டிருந்தாள்.

"கொஞ்சமா விடு. உனக்கு நெஞ்செரியும்," என்று அவனுடைய பெயரில் பதில் போயிருந்தது.

அவன் எழுதவில்லை. அவளுக்கு நெஞ்செரிவு உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. வேனிலிருந்தபடியே வீட்டு லப்டொப்புக்குள் நுழைந்து பார்த்தான்; நிரல் நின்றுதான் கிடந்தது. நிரலை அழித்தான். லப்டொப்பையே அணைத்தான். தன் கணக்கோடு இணைந்திருந்த கருவிகளையெல்லாம் வெட்டிவிட்டான். வெளியே சம்மாந்துறை வயல்களில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. புகை வேனுக்குள் வந்து தொண்டையில் உட்கார்ந்தது. உலகத்தின் எந்தப் பிரச்சினையையும் நான்கு கட்டளைகளில் தீர்த்துவிடுகிறவனின் திருப்தியோடு அவன் சாய்ந்து கண்ணை மூடியபோது போன் மறுபடி நடுங்கியது.

"காலுக்கு எண்ண பூசினியா?" அவனுடைய பெயரில்.

"பூசினன்," என்றிருந்தாள் சஹ்லா. பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். அப்படியொரு முகத்தை அவள் அவனுக்கு அனுப்பி எவ்வளவு காலம்.

அழைத்தான்.

"சஹ்லா, நான் வாறன். சம்மாந்துறைக்கு வந்திட்டன். போனுல என்னமோ பிழ. அந்த மெசேஜ் ஒண்டுக்கும் நீ மறுமொழி எழுதாத."

மறுபக்கம் மூச்சு. சட்டியில் கரண்டி உரசும் ஓசை. அதற்கும் பின்னால், சுவரோடு வாய் வைத்ததுபோல் மந்தமாக, ஓர் ஆண் தொண்டையைச் செருமினான். குட்டையாக இரண்டு, நீட்டி ஒன்று. மேடை ஏறுமுன் றிம்சான் செருமும் செருமல்.

"ஆரு அங்க?"

"மெல்லக் கதைங்க," என்றாள் சஹ்லா. "அவருக்குக் கேக்கும்."

இணைப்பு அறுந்தது.

காரைதீவுச் சந்தியில் கேதீஸ்வரன் இறங்கினான். "என்னடா, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்ல. நெட்வேர்க் பிரச்சின."

"நீ சொன்னாச் சரிதான். பெரிய ஆர்க்கிடெக்ட்."

கடற்கரை ஒழுங்கைக்குள் வேன் அவனை இறக்கிவிட்டுப் போனபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. காய்ந்த நெத்தலியின் வாடை, உப்புக் காற்று, மதிலுக்கு மேலாக ஓலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அவன் வீட்டில் மட்டும் இல்லை. கேற்றை நெருங்க நெருங்க மீன்குழம்பின் மணத்துக்குள்ளிருந்து இன்னொரு வாடை பிரிந்து வந்தது: நெடுநாள் அணைக்காத இயந்திரத்துக்குள் தூசி கருகும் வாடை.

மணியை அழுத்தினான்.

கேற்றை ஒரு சாண் திறந்தவள் மாமியார் சல்மா உம்மா. அவனைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும் மனுசி. இன்று முகம் மலர்ந்திருந்தது. அந்த மலர்ச்சி அவனுக்கல்ல.

"ஆரு மகன் நீங்க?"

"என்ன மாமி, நான் றிம்சான்."

"ஸ்ஸ்." விரலை உதட்டில் வைத்தாள். "மருமகன் சாப்பிடுறாரு. சத்தம் போட்டா எழும்பிருவாரு. எழும்பினா இந்த வீடு கொள்ளாது." பிறகு பெருமையோடு, "தங்கமான மனுசன். ஒரு இடத்துக்கும் போறல்ல," என்றாள்.

அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தான்.

கூடத்தில் பாய். பாயில் சஹன், இரண்டு பேர் சேர்ந்துண்ணும் பெரிய தட்டு. ஒரு பக்கத்தில் சஹ்லா. மறுபக்கத்தில் படிக்கட்டின் அடி. லப்டொப் மூடிக் கிடந்தது. சார்ஜர் வயர் தரையில். வெளிச்சமில்லை. அங்கிருந்த இருட்டு, மாலையின் இருட்டல்ல.

"பிஸ்மில்லாஹ்," என்றது அது.

அவனுடைய குரல். சாப்பிடும்போது அவன் மறந்துவிடும் சொல்.

ஒரு கை வந்தது. பெருவிரலில் ஈயம் சுட்ட தழும்பு. அவனுடைய தழும்பு. மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. முழங்கைக்குப் பிறகும் கை வந்துகொண்டிருந்தது.

விரல்கள் மீனைப் பிரித்தன. முள்ளை எடுத்தன. சதையை அவள் பக்கம் தள்ளின.

அவள் தின்றாள்.

"சஹ்லா!"

திரும்பினாள். நேராகப் பார்த்தாள். மயக்கமில்லை. பயமில்லை. பஸ் தரிப்பில் தெரிந்த ஒருவரைக் கண்ட பார்வை.

"ஆரெண்டு எனக்குத் தெரியும் உம்மா," என்றாள். "கேற்றச் சாத்துங்க."

மாமியார் சாத்தினாள். கொண்டி விழுந்தது. பள்ளியில் மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது. அது முடிந்து ஒழுங்கை அடங்கியதும் உள்ளே அவனுடைய குரல் கேட்டது.

"ஆரு வந்த?"

"ஆருமில்ல. நீங்க சாப்பிடுங்க."

செருமல். குட்டையாக இரண்டு. நீட்டி ஒன்று. பிறகு முற்றத்து மணலில் ஏதோ இழுபடும் ஓசை. மெல்ல. நீளமாக. நிற்காமல்.

கேற்றின் அடியிடுக்கால் விரல்கள் வெளியே வந்தன. நுனிகளில் சோற்றுப் பருக்கை. அவனுடைய வீட்டுச் செருப்பு இரண்டையும் வெளியே தள்ளின. சோடி சேர்த்தன. தெருப் பக்கம் திருப்பி வைத்தன. ஒரு தடவை தடவிப் பார்த்து நேராக்கின.

போகவில்லை. அங்கேயே இருந்தன.

றிம்சானின் பயணப் பெட்டிக்குள் மாநாட்டில் இலவசமாகக் கொடுத்த நான்கு ரீசேட்டுகள் இருந்தன. நான்கும் அவனுடைய அளவு. சஹ்லாவுக்கு அவன் ஒன்றும் வாங்கியிருக்கவில்லை.