எலியாஸின் நாலு சுற்று

ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி முடிந்ததும் வேலூரில் பஸ் ஏறிய பிரிஸ்கில்லா, சாக்ஸபோன் பெட்டியோடு ஆம்பூரில் இறங்கி, மூடிக் கிடந்த அந்தப் பழைய தோல் டேனரிக்கு வந்து சேர்ந்தாள். வாட்ச்மேன் அப்துல் சமத் கேட்டைத் திறந்தார்.

"இன்னா சிஸ்டர், தனியாவா வந்தீங்க?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் புருஷன் எலியாஸ் கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். மனுஷன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் வாசிச்சுட்டுப் போய்ட்றேன் பாய்."

தோல் காயப்போட்ட மாடிக் கொட்டகையில் சுண்ணாம்பு நாற்றம் இன்னும் போகவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஜாஸ் பழகியது இங்கேதான். வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்துக்குப் பேஜார். சர்ச் ஆராதனையில் எழுதி வைத்த நோட்டையே வாசித்து அலுத்துப்போனவர்களுக்கு, அந்தந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. ஆளுக்கொரு சாக்ஸபோன்; போனில் டிரம்ஸ் ஓடும். நாலு தாளச் சுற்று அவள், அடுத்த நாலு அவன். அவள் விட்ட இடத்திலிருந்துதான் அவன் எடுக்க வேண்டும். ஒருத்தர் திணறினாலும் மற்றவர் அந்த நாலுக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது.

நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்த கடைசி வருஷத்தில் எலியாஸின் நாலு மூன்றாகி, ஒன்றாகி, வெறும் காற்றானது. அப்போதும் அவள் வாசிக்காமல் காத்திருந்தாள். அதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தாள்.

இன்றும் போனில் டிரம்ஸை ஓடவிட்டு நாலு சுற்று வாசித்தாள். பழக்க தோஷம், நிறுத்தினாள்.

பதில் வந்தது.

தோலை இழுத்துக் கட்டும் பலகைகள் அடுக்கியிருந்த இருட்டு மூலையிலிருந்து. தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால், சோம்பேறித்தனமாக வரும் அவனுடைய அதே வாசிப்பு. அவள் முடித்த இடத்தைப் பிடித்து, அவள் நினைத்தே பார்க்காத பக்கம் திருப்பியது. பயம் வந்திருக்க வேண்டும். பாவி மகளுக்கு அழுகைதான் வந்தது.

"என்னங்க?"

மூலையில் யாருமில்லை.

மறுபடி வாசித்துவிட்டு இடம் விட்டாள். இந்த முறை மூன்று சுற்றுதான் வந்தது.

அடுத்தது ஒன்று.

அதற்கடுத்து வெறும் காற்று. ஈரமான, சளி கட்டிய இழுப்பு.

வார்டில் எத்தனையோ பேரிடம் கேட்ட சத்தம். கடைசியாக அவன் கட்டிலருகே கேட்ட சத்தம். அவள் இடம் விடும்போதெல்லாம் அவன் வருகிறான். வந்து, மறுபடியும் மூச்சு முட்டிச் சாகிறான்.

"வேணாங்க," என்றாள் மெல்ல. "நீங்க ரெஸ்ட் எடுங்க. உங்க நாலையும் நானே வாசிச்சுட்றேன்."

தன் நாலு முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் இடத்துக்குள் நுழைந்தாள். கண்ணீர் வழிய, கடைசிச் சுரத்தை நெஞ்சு எரியும்வரை பிடித்து நின்று, வாயை எடுத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

அவள் கையிலேயே சாக்ஸபோன் அதிர்ந்துகொண்டிருந்தது. திணறல் இல்லை, இழுப்பு இல்லை. அவ்வளவு நிறைவாக எலியாஸ் ஊதிக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.

அவள் மூச்சை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். கண் இருண்டது. நாலு சுற்று முடிந்து சத்தம் அடங்கிய பிறகுதான் அவள் நெஞ்சுக்குள் காற்று இறங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள்.

"சிஸ்டர், கேட்டை மூடட்டுமா?" என்று கீழேயிருந்து அப்துல் சமத் குரல் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாய்."

அவள் சாக்ஸபோனை மறுபடி வாயில் வைத்தாள். அவனுக்குக் கொடுக்க அவளிடம் இன்னும் மூச்சு இருந்தது.