தொட்டிக்கு வந்த கடல்

சனிக்கிழமை பிற்பகல், விஸ்வலிங்கம் எங்கள் ஜெப வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. குடையைக் கையில் வைத்துக்கொண்டு நனைகிறவனை நான் நம்புவதில்லை. பொதுவாகவே நான் யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. பினாங்கில் பதினெட்டு வருஷம் உபதேசியாராக இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் ஆகும்.

மறுநாள் அவனுக்கு ஞானஸ்நானம். எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பது கிடையாது. ஆளை முழுதாக முக்கித்தான் எடுப்போம். பிரசங்க மேடைக்கு முன்னால் தரைப் பலகைகளைத் தூக்கினால் அடியில் மார்பளவு ஆழத்தில் ஒரு செங்கல் தொட்டி இருக்கிறது. முதல் நாளே அதை நிறைத்து வைப்பது என் வேலை. இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. சபைக்கு முன்னால் எழுந்து, "இவனை அறிவேன்" என்று நான் சொன்னால்தான் போதகர் தண்ணீரில் இறங்குவார்.

விஸ்வலிங்கத்தை நான் அறிவேனா?

அவன் யாழ்ப்பாணத்தான், துறைமுக ஆபீஸில் கிளார்க். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் அண்ணன் விநாசித்தம்பியும் அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து சம்பான் படகில் வந்தார்கள். சீனர்கள் மரத்தூண் நட்டுக் கட்டிய படகுத்துறைக்குப் பக்கத்தில் சம்பான் கவிழ்ந்தது. அண்ணன் நன்றாக நீந்துவார், தம்பிக்கு நீச்சலே தெரியாது. பிழைத்தவன் தம்பி. அண்ணனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள், இது நம்பும்படியாகவா இருக்கிறது?

"ஊரிலை அம்மாவுக்குச் சுகமில்லை, உபதேசியார்" என்றான். "புதன்கிழமைக் கப்பல். மூண்டு தரம் ஏணியடி வரைக்கும் போய்த் திரும்பிட்டன். தண்ணியைப் பாக்கேலாமக் கிடக்கு. நாளைக்கு முழுகி எழும்பினாப் பயம் போகுமோ?"

வழக்கமாகச் சொல்லும் பாடத்தைச் சொன்னேன். வேதத்தில் ஆழம் என்றால் மரணம். பார்வோனின் சேனை கல்லைப் போல அமிழ்ந்தது அங்கேதான். யோனாவின் தலையைக் கடற்பாசி சுற்றிக்கொண்டதும் அங்கேதான். முழுகுவது அடக்கம், எழும்புவது உயிர்த்தெழுதல்.

அவன் மூடிய குடையைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப, முழுகினவர் எழும்பாட்டில்?"

"கடைசி நாளில் சமுத்திரம் தன் மரித்தோரை ஒப்புக்கொடுக்கும்" என்றேன். "அதுவரை அவர்களை யாரும் கூப்பிடக் கூடாது."

அவன் முகம் வெளுத்துப்போனது. குற்றவாளியின் முகம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வாரம் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அடுத்த வீட்டுக் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது, எடுத்துக்கொள்ளச் சொல்லியும் இருந்தார்கள். நான் மாட்டு வண்டிக்காரர் சிக்கந்தரைக் கூப்பிட்டு, அந்த மரத்துறைக்குப் போய்ப் பீப்பாய்களில் கடல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

"கிணறு பக்கத்துலயே இருக்குலா" என்றார் சிக்கந்தர். "அந்தத் துறையிலதானே யாழ்ப்பாணத்து ஆளு போனாரு? வேணாம், மாசிலாமணிண்ணே. கடலோட போனவங்க கடல்லயே இருக்கட்டும்."

"எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அண்ணன் விஷயத்தில் விஸ்வலிங்கத்தின் கை சுத்தமாக இருந்தால் அந்தத் தண்ணீர் அவனை ஒன்றும் செய்யாது. இல்லாவிட்டால் தெரிந்துவிடும். தண்ணீரை வைத்து ஆளைச் சோதிப்பது தேவனையே சோதிப்பது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

ஒன்பது நடை. விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை தொட்டி நிறைந்தது.

ஞாயிறு காலை கதவைத் திறந்ததும் சேற்று வாடை அடித்தது. துறையில் தண்ணீர் வற்றினால் வருமே, அந்த வாடை. தொட்டியில் தண்ணீர் மூன்று சாண் இறங்கியிருந்தது. செங்கல் கசிகிறது என்று நினைத்துக்கொண்டேன். மதியம் போய்ப் பார்த்தபோது தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

யாரும் ஊற்றவில்லை.

வெளியே கடலிலும் அப்போது ஏற்றம்.

பாட்டுப் பாடினோம். சபைக்கு முன்னால் எழுந்து, "இவனை அறிவேன்" என்று பொய் சொன்னேன். போதகர் இறங்கினார். வெள்ளை அங்கியில் விஸ்வலிங்கம் படிகளில் நடுங்கி நடுங்கி இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது நனைந்த விரலை உதட்டில் வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

உப்பு அவனுக்குத் தெரிந்துவிட்டது.

போதகர் அவன் மூக்கில் துணியை வைத்து, முதுகைத் தாங்கி, பின்னால் சாய்த்தார். தண்ணீர் மூடியது.

தூக்கினார்.

ஆள் வரவில்லை.

மறுபடி தூக்கினார். போதகரின் கழுத்து நரம்பு புடைத்தது. தண்ணீரில் அலையே இல்லை. திமிறும் கைகால்களும் தெரியவில்லை. பலகைகளுக்கு அடியில் மட்டும், சம்பான் துறைத் தூணில் மோதுவதைப் போல, டொக் டொக் என்று ஒரு சத்தம்.

எனக்குள் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பார்த்தாயா, நான் நினைத்தது சரி, என்று அந்த மூலை சொன்னது.

அப்போது அவன் எழும்பினான்.

போதகர் தூக்கவில்லை. அவருடைய இரண்டு கைகளும் விளிம்பைப் பிடித்திருந்தன. கீழேயிருந்து யாரோ இடுப்பைப் பிடித்து உயர்த்தியது போல, அவன் மார்பு வரை நேராக மேலே வந்தான். முகத்தில் பயம் ஒரு துளி இல்லை. குழந்தை மாதிரி அழுதுகொண்டே சிரித்தான். சபையார் அல்லேலூயா சொன்னார்கள்.

பின்னறையில் அவனுக்குத் துண்டு கொடுத்தேன்.

"அண்ணரைக் கண்டனான்" என்று கிசுகிசுத்தான். "அண்டைக்கும் அவர்தான் கீழை நிண்டு என்னைத் தூக்கிப் பிடிச்சவர். வேறை சம்பான்காரன் ஒருத்தன் வந்து இழுக்கும் வரைக்கும் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். அதாலைதான் அவருக்கு மூச்சுப் போனது. சொன்னா ஆர் நம்புவினம்? இண்டைக்கும் தூக்கி விட்டவர். இனி எனக்குப் பயமில்லை."

இரண்டு வருஷமாக ஒரு நல்ல மனுஷனைக் கொலைகாரனாகப் பார்த்திருக்கிறேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

"ஒண்டு மட்டும் கேட்டவர்" என்றான்.

"என்ன?"

"தான் ஆழத்திலை அமைதியாக் கிடந்தவராம். இந்தச் செங்கல் குழிக்குள்ளை தன்னைக் கொண்டுவந்து விட்டது ஆர் எண்டு கேட்டவர்."

துண்டால் தலையைத் துவட்டினான். அவன் குரலில் வஞ்சகம் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், துளியும் இல்லை.

"தண்ணி நிறைக்கிறது நீங்கள்தானே, உபதேசியார். நான் உங்கட பேரைச் சொல்லிப்போட்டன்."

அன்றே தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினேன். தண்ணீர் ஓடி வாய்க்காலில் விழுந்தது. பீப்பாயில் திரும்ப அள்ளிக் கடலில் விட்டிருக்க வேண்டும் என்று சிக்கந்தர் சொன்னபோது, எல்லாம் வடிந்து முடிந்திருந்தது. தொட்டியின் அடி வரை துணியால் துடைத்தேன். பலகைகளைப் பொருத்தி ஆணி அடித்தேன்.

புதன்கிழமை விஸ்வலிங்கம் கப்பல் ஏணியில் கைப்பிடியைக்கூடத் தொடாமல் ஏறினான். மேலே நின்று எனக்குக் கையசைத்தான்.

நல்ல வெயில். ஜெப வீட்டுக்குத் திரும்பி வந்து, ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டு மேடைப் பக்கம் போனேன். பலகை இடுக்குகளில் தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆணியும் அரை அங்குலம் எழும்பியிருந்தது.

அடியிலிருந்து, மிகவும் மரியாதையாக, ஒரு யாழ்ப்பாணத்துக் குரல் கேட்டது.

"மாசிலாமணியர், ஒருக்கா கீழை இறங்குங்கோவன்."