மூன்றாம் வினா

கடுவையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் பௌர்ணமிச் சந்திரன் மெள்ள எழுந்து, நாகைப்பட்டினத்துப் புத்த விகாரத்தின் உச்சியைப் பொன்னாக்கிக்கொண்டிருந்த அந்த அந்திப் பொழுதில், அழகை அனுபவிக்கும் மனநிலை அங்கே யாருக்கும் இல்லை, அன்பார்ந்த வாசகர்களே! பிக்குகளுக்குள் பாண்டிய ஒற்றன் ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுச் சோழ தளபதி அம்பலக்கூத்தன் படையோடு வந்து வாசலை மறித்திருந்தான்.

ஒற்றனைப் பிடிக்க அவன் வைத்த சோதனை விசித்திரமானது. ஒவ்வொரு பிக்குவும் பாலி மொழியில் ஒரு காதையை, அதாவது செய்யுளை, ஓத வேண்டும். அம்மொழியில் சொல்லோடு சொல் சேரும்போது ஓர் உயிரொலி மறையும், மற்றொன்று நீளும். பழகிய நாவில் அடிகள் தடையின்றி ஓடும். பழகாதவன் சொல் சொல்லாக உடைத்து அகப்பட்டுக்கொள்வானாம். தளபதிக்குத் தன் புத்தியில் அபார நம்பிக்கை!

பாவம், அகப்பட்டவர் நந்தியர். ஐம்பது வயதுவரை கடலில் வலை வீசிவிட்டுத் துறவு பூண்ட அந்த உண்மையான பிக்குவுக்குச் சொற்கள் கடைசிவரை ஒட்டவே இல்லை. அவரை வாசல் தூணில் கட்டினார்கள். பொழுது விடிந்தால் தலை போய்விடும். பிக்குவின் துவராடைக்குள் ஒளிந்திருந்த ஒற்றன் மாறன் வழுதியோ தேனாக ஓதித் தப்பினான். ஈழத்துக் கப்பல் வணிகரின் மகள் செந்திரு, அவன்மீது கொண்ட காதலால் மூன்று மாதம் கற்பித்த பாடம் அது. ஒற்று வேலையை விட்டு அவளோடு ஈழம் வருவதாக வாக்களித்திருந்தான். கழிமுகத்தில் படகு சித்தமாயிருந்தது. பூக்கூடையோடு அவள் வாசலில் காத்து நின்றாள்.

இன்னும் ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. பௌர்ணமிதோறும் பிக்குகள் மண்டபத்தில் கூடி விதிகளை ஓதுவார்கள். ஓதுபவர், "தூயவர்களா?" என்று மும்முறை கேட்பார். மௌனம் சாதித்தால் 'ஆம்' என்று பொருள்.

முதல் முறை கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வெளியே தூணில் கட்டுண்ட நந்தியர், பிழையெல்லாம் தம்முடையதே என்றெண்ணி, அந்தக் காதையைத் திரும்பத் திரும்பத் திருத்தி ஓதிப் பார்க்கும் குரல் மட்டும் கேட்டது. மாறன் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வினா பிறந்ததும் எழுந்து நின்றான்.

"அடிகள்மீர், நான் தூயவன் அல்லேன், பிக்குவும் அல்லேன். பாண்டிய ஒற்றன் மாறன் வழுதி. அந்தப் பெரியவரை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்!"

வாசலுக்கு இழுத்து வரப்பட்டவனைப் பார்த்துத் தளபதி சீறினான். "இவ்வளவு செவ்வையாக ஓத உனக்குக் கற்பித்தது யாரடா?"

"எவருமில்லை, தளபதியாரே. கேட்டுக் கேட்டே பழகினேன்" என்றான் மாறன், கூட்டத்தின் பக்கம் திரும்பாமலே.

"அவர் சொல்வது பொய்!"

பூக்கூடையைத் தரையில் வைத்துவிட்டுச் செந்திரு முன்னே வந்தாள். "கற்பித்தவள் நான். அவரை எங்கே கொண்டு போகிறீர்களோ, அங்கே என்னையும் கொண்டு செல்லுங்கள்."

அதுவரை கலங்காத மாறன் வழுதி அப்போதுதான் அழுதான்.